இரவல் போனவை

புயலுக்கு மறுநாள் காலை எட்டுப் பேர் கூடினோம்.
நூலக நண்பர் குழு என்று பெயர்.
அதுவரை செய்ததெல்லாம்
காட்டுப்பழ ஜாம் விற்றது,
பழைய புத்தகங்களை டாலருக்கு மூன்றாய்த் தள்ளியது,
ஆண்டுக்கொருமுறை கணக்கு வாசித்தது.
அதில் பதினேழு காசு உதைப்பதை
வெரா மண்டன் கண்டுபிடிப்பாள், ஒவ்வோர் ஆண்டும்.

கடல் உள்ளே வந்து திரும்பிய கட்டடம்.
தொடாதீர்கள், தரை இருக்கிறதா தெரியாது
என்றார் தீயணைப்புக்காரர்.
நூலகர் மரியன் கதவையே பார்த்தபடி நின்றாள்.
அவள் வீடும் போயிருந்தது.
மதியம்வரை அதை அவள் சொல்லவில்லை.

என்ன வேண்டும் என்று வெரா கேட்டதும்
ஆளுக்கொரு பதில் சொன்னோம்.
"உங்களையா கேட்டேன்?"
வாயை மூடிக்கொண்டோம்.
மரியன் யோசித்துச் சொன்னாள்:
"காய்ந்த காலுறை.
அப்புறம், குளிர்."

நனைந்த தாளுக்கு இரண்டு நாள் தவணை.
மூன்றாம் நாள் பூஞ்சை வந்து வாசிக்கத் தொடங்கும்.
உறையவைத்தால் காலம் கொஞ்சம் நிற்கும்.
இந்த நியூஃபவுண்ட்லாந்துக் கரையில்
மின்சாரம் மிச்சமிருந்தது ஓரிடத்தில்:
ஜெனரேட்டர் உறுமும் மீன் ஆலையில்.
அதன் இரவுக் காவலாளி லெஸ்டர் ஹான்
எங்கள் கூட்டங்களில் தேநீருக்காக வருபவர்
என்றுதான் நினைத்திருந்தோம்.
சட்டைப்பையைத் துழாவிச்
சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வாங்கக் கிடைப்பதை விட்டுவிடுங்கள் என்றாள் மரியன்.
விட்டோம்.
நாவல்கள், சமையல் புத்தகங்கள்,
ஊதிப் பெருத்த கலைக்களஞ்சியம்.
எட்னா கீப்பிங் மட்டும் ஒன்றை விடாமல்
மார்போடு அணைத்தபடி சேற்றில் நின்றாள்.
யாரும் பிடுங்கவில்லை.
வேறெங்கும் கிடைக்காதவை ஏறின மீன் தட்டுகளில்:
படகுப் பதிவேடு,
மூடிப்போன பள்ளியின் வருகைப் பட்டியல்,
திரும்பாதவர்களின் பெயர்கள், நான்கு கையெழுத்துகளில்.
முந்நூற்று நாற்பது பொதி,
காட் மீன்களுக்குப் பக்கத்து வரிசை.

பிறகு பெட்டிகள் வந்தன, பெருநிலத்திலிருந்து, லாரியில்.
அறுபத்து நான்கு.
முப்பது வருடப் பழைய வரிச்சட்டக் கையேடு,
செத்துப்போன கணினிகளுக்கான வழிகாட்டி,
மட்கிய வாடை.
தேவாலயக் கூடத்தில் மனிதர்கள் படுத்திருந்தார்கள்;
பெட்டிகளுக்குப் பாய் எங்கே விரிப்பது?
தயவுசெய்து புத்தகம் அனுப்பாதீர்கள்
என்று கடிதம் எழுத உட்கார்ந்தோம்.
நான்கு முறை கிழித்தோம்.
ஐந்தாவதில் வரிக்கு ஒரு நன்றி,
நடுவே வெரா சேர்த்தது:
உங்கள் அன்பு இங்கே
மழைக்கு ஒதுங்க இடமின்றி நிற்கிறது.
பணம் அனுப்புங்கள்.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரண்டு.

அந்தக் கூடத்தின் மூலையில்
மடக்கு மேசை போட்டோம், ஓர் அச்சியந்திரம்.
காப்பீட்டுப் படிவத்துக்கு வரிசை நின்றது.
நவம்பரில் நகர்மன்றம் சொன்னது:
நூலகம் இப்போது முதல் தேவையல்ல.
முன்வரிசையில் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தோம்.
எட்னா எழுந்தாள்.
"உங்கள் படிவத்தை எங்கே நிரப்பினீர்கள், மேயர்?"
முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.
இன்னும் தள்ளிப்போகிறது.

புயலன்று இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்
மேட்டு வீடுகளில் இரவலில் இருந்தன.
இப்போது நூலகம் என்றால் அவைதாம்.
திருப்பித் தராதீர்கள் என்று
வீடு வீடாய்ப் போய்ச் சொன்னோம்.
அலோய்சியஸ் பைக் கதவைப் பாதி திறந்து,
படகு எஞ்சின் பழுதுபார்ப்பு,
பதினோரு வருடமாய் என்னிடம்தான் என்றார்.
மரியன் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.
வெரா அபராதத்தைக் கணக்கிட்டாள்.
பழக்கம்.

உறைந்தவற்றை உலர்த்தும் செலவு
எங்கள் ஜாம் விற்கும் வேகத்தில் ஒன்பது ஆண்டு.
என்ன செய்வதென்று தெரியவில்லை.
இரவு இரண்டு மணிக்கு லெஸ்டர்
குளிரறையில் அளவு பார்க்கப் போகிறார்.
மீன்களிடம் உரக்கப் பேசுவது அவர் வழக்கம்,
வானிலை, முழங்கால் வலி, மருமகன்.
கடைசி வரிசை வந்ததும்
யாரும் சொல்லாமலே
குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.